வடிவம் தேடும் காவலன்
கணிப்பொறிப் பாதுகாப்பில் வேகமும் ஒழுங்கும்

மும்பை மாநகரில் மித்தி நதியின் தென்புறத்தே தாராவி அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தோல் பதனிடுவோர் பலர் இங்குக் குடியேறித் தொழில் வளர்த்தனர். இன்றும் இப்பகுதியின் கடைகளில் தோற்பைகளும் இடைவார்களும் விற்பனையாகின்றன. ஆனால் விலையைக் கொடுக்கும் முறை மாறிவிட்டது. வாங்குபவர் தமது கைப்பேசியைக் கடை வாயிலில் ஒட்டப்பட்ட கட்டக் குறியீட்டின் மீது காட்டுகிறார். சில விநாடிகளில் பணம் கைமாறிவிடுகிறது. நதியின் மறு கரையில், பாந்திரா குர்லா வளாகத்தில், இவ்வேற்பாட்டை நடத்தும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் அலுவலகம் இருக்கின்றது. 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையின் வாயிலாக, 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பணப் பரிமாற்றங்கள் நிகழ்ந்தன.

இவ்வளவு பெருந்தொகையான செய்திகள் கம்பிகளின் வழியே ஓடும் காலத்தில், அவற்றினிடையே தீய நோக்குடன் அனுப்பப்படும் செய்திகளும் கலந்து வருதல் இயல்பே. அவற்றைப் பிரித்தறியும் பொருட்டு, வங்கி, கடை, அரசு அலுவலகம் ஆகிய எவற்றின் கணிப்பொறியாயினும் அதன் வாயிலில் ஒரு காவல் நிரல் வைக்கப்படுவது வழக்கம். அக்காவலன் செய்யும் வேலை யாது, அவன் களைப்புறுவதும் குழப்பமுறுவதும் எவ்வாறு, அவற்றைத் தவிர்க்க வல்லுநர் கண்ட வழிகள் எவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடிவக் குறிப்பு என்பது யாது?

வங்கிக் கிளை ஒவ்வொன்றுக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. என்னும் அடையாளக் குறி உண்டு. அது 11 குறிகளைக் கொண்டது. முதல் நான்கும் எழுத்துகள், ஐந்தாவது பூஜ்யம், எஞ்சிய ஆறும் எழுத்துகளாகவோ இலக்கங்களாகவோ இருக்கலாம். வருமான வரித் துறை வழங்கும் பான் எண்ணோ ஐந்து எழுத்துகள், நான்கு இலக்கங்கள், இறுதியில் ஓர் எழுத்து என 10 குறிகளால் ஆனது. தாராவியின் அஞ்சல் குறியீடு 400017, மாடுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071. இவை யாவும் பூஜ்யத்தில் தொடங்காத ஆறு இலக்கங்கள் என்னும் ஒரே வடிவில் அடங்கும்.

இத்தகைய வடிவங்களைச் சில குறிகளால் சுருக்கி எழுதும் முறைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ், என்று பெயர். தமிழில் இதனை வடிவக் குறிப்பு எனலாம். ‘எந்தக் குறியும் வரலாம்’ என்பதற்கு ஒரு புள்ளியும், ‘எத்தனை முறையும் வரலாம்’ என்பதற்கு ஒரு நட்சத்திரமும் போதும். காவல் நிரலின் கையில் இவ்வாறு எழுதப்பட்ட விதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் இவ்விதிகளோடு ஒப்பிடப்படும். தீய வடிவம் எதனோடேனும் பொருந்தினால் வேண்டுகோள் தடுக்கப்படும். பொருந்தாவிடில் உள்ளே விடப்படும். 2002-இல் ஐவன் ரிஸ்டிக் என்பார் வெளியிட்ட மாட்செக்யூரிட்டி என்னும் நிரல் இவ்வகையில் புகழ் பெற்றது.

இம்முறையின் வேர் கணிதத்தில் உள்ளது. அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீஃபன் கிளீனி 1951-இல் ஆராய்ந்து 1956-இல் அச்சில் வெளியிட்ட கட்டுரையே இதற்கு அடிப்படை. வடிவங்களை இலக்கணமாகக் கண்டு ஆராயும் மரபில் தமிழருக்கும் பங்குண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் டிஃப்ராக் கணிப்பொறியை அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 1960-இல் இயங்கத் தொடங்கிய அப்பொறியின் நினைவகம் 2,048 சொற்களையே தாங்கியது. பின்னர் அவர் இல்லினாய் பல்கலைக் கழகத்தில், அணுத்துகள்களின் தடம் பதிந்த படங்களை மொழியைப் போல இலக்கணத்தால் பகுத்தறியும் முறையை வகுத்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1970-களில் வாயிற்கோலங்களையே இத்தகைய இலக்கண விதிகளால் விளக்கிக் காட்டினர்.

பூச்சரமும் பின்வாங்கும் தேடலும்

வடிவக் குறிப்பை ஒரு செய்தியோடு ஒப்பிட இருவகை வழிகள் உள்ளன. முதல் வழி பின்வாங்கித் தேடுதல். ஒரு பாதையில் செல்லுதல், அது அடைபட்டால் பிரிந்த இடத்திற்குத் திரும்பி மற்றொரு பாதையில் செல்லுதல் என்பதே இதன் இயல்பு. பெரும்பாலான சமயங்களில் இது விரைவாகவே முடிகின்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பிலிப் ஹேசல் 1997-இல் தொடங்கிய பி.சி.ஆர்.இ. என்னும் நிரல் நூலகமும், இன்று வழங்கும் பல நிரல் மொழிகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

இதிலுள்ள அபாயத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மாடுங்கா ரயில் நிலையத்தின் கீழ்ப்புறத்தில் பூக்கடைகள் உள்ளன. அங்கே 30 மல்லிகை மொட்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டு, இறுதியில் ஒரு ரோஜா வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ‘இம்மாலை முழுவதும் மல்லிகைச் சரங்களால் மட்டுமே ஆனதா?’ என்பது கேள்வி. சரம் என்பது ஒரு மொட்டாகவும் இருக்கலாம், பல மொட்டுகளாகவும் இருக்கலாம். மனிதக் கண் இறுதியிலுள்ள ரோஜாவைக் கண்டவுடனே ‘இல்லை’ என்று கூறிவிடும். பின்வாங்கித் தேடும் பொறியோ, 30 மொட்டுகளையும் ஒரே சரமாகக் கொண்டு பார்க்கும். தோற்றபின் 29-உம் ஒன்றுமாகப் பிரித்துப் பார்க்கும். பின்னர் 28-உம் இரண்டுமாக. இவ்வாறு எல்லாப் பிரிவுகளையும் முயலும். மொட்டுகளுக்கிடையே 29 இடைவெளிகள் உண்டு. ஒவ்வோர் இடைவெளியிலும் ‘வெட்டுதல்’, ‘வெட்டாமை’ என இரண்டு நிலைகள். ஆகவே மொத்தப் பிரிவுகள் 53,68,70,912 ஆகும்.

ஒரு மொட்டு கூடினால் இத்தொகை இரட்டிக்கும். விநாடிக்கு 10 கோடிப் பிரிவுகளைச் சோதிக்கும் பொறி, 30 மொட்டுகளுக்கு ஐந்தரை விநாடிகளில் விடை கூறும். 40 மொட்டுகளுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். 50 மொட்டுகளுக்கோ ஏறத்தாழ 65 நாட்கள் ஆகும்! விதியை எழுதியவர் இதனை எண்ணியிருக்கமாட்டார். ஆனால் தீயவன் எண்ணுவான். ஐம்பது எழுத்துகள் கொண்ட ஒரே செய்தியை அனுப்பிக் காவலனைப் பல நாட்கள் கட்டிப்போட அவனால் இயலும். வாயிலைக் காக்க வைத்த காவலனே வாயிலை அடைத்துக்கொள்ளும் நிலை இதுவாகும்.

நடந்த நிகழ்ச்சிகள் இரண்டு

இது வெறும் கற்பனை அன்று. 2016 ஜூலை 20-ஆம் நாள், நிரல் எழுதுவோர் பலரும் நாடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் கேள்வி–பதில் நிலையம் 34 நிமிடங்கள் செயலற்றுப் போயிற்று. வரிகளின் முனைகளிலுள்ள வெற்றிடங்களை நீக்குவதற்கென எழுதிய எளிய வடிவக் குறிப்பே காரணம். ஒரு பதிவில் ஏறக்குறைய 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன. அவற்றின் பின் வேறோர் எழுத்து வந்தது. பொறி முதல் வெற்றிடத்திலிருந்து இறுதி வரை சென்று தோற்றது, பின் இரண்டாவதிலிருந்து தொடங்கியது, பின் மூன்றாவதிலிருந்து. இவ்வாறு ஏறக்குறைய 20 கோடிச் சோதனைகள் நிகழ்ந்தன. பூச்சரத்தைப் போல் இரட்டித்துப் பெருகாமல், நீளத்தின் வர்க்கமாகப் பெருகும் சுமையும் ஒரு நிலையத்தை நிறுத்தப் போதுமானது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது நிகழ்ச்சி பெரிது. உலகின் இணையப் போக்குவரத்தில் கணிசமான பகுதியைத் தாங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், 2019 ஜூலை 2-ஆம் நாள் தனது காவல் நிரலில் புதிய விதி ஒன்றைச் சேர்த்தது. ‘எதுவும் வரலாம், மீண்டும் எதுவும் வரலாம், பின்னர் சமக்குறி’ என்னும் பகுதி அவ்விதியில் அமைந்திருந்தது. அடுத்தடுத்து நின்ற அவ்விரண்டு ‘எதுவும்’ செய்தியைத் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதை ஆராய்வதிலேயே உலகெங்குமிருந்த அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளின் ஆற்றல் முழுவதும் செலவாயிற்று. இந்திய நேரப்படி மாலை 7 மணி 12 நிமிடத்திற்குத் தொடங்கிய இத்தடை 27 நிமிடங்கள் நீடித்தது. அதன் உச்சத்தில் நிறுவனத்தின் போக்குவரத்து 82 சதவீதம் குறைந்தது. விதியொன்று வரம்பு மீறி ஆற்றலை உண்ணாதபடி தடுக்கும் பாதுகாப்பு முன்னர் இருந்தது. சில வாரங்களுக்கு முன், காவல் நிரலின் சுமையைக் குறைக்கும் பொருட்டுச் செய்த திருத்தத்தில் அது தவறுதலாக நீங்கிவிட்டது என்று அந்நிறுவனமே வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. பயனாளர் எவரும் இதில் பகைவர் அல்லர். காவலனின் கையேட்டிலிருந்த ஒரு வரியே போதுமானதாயிற்று.

தாம்சன் காட்டிய வழி

இதற்கு மாற்று வழி புதிதாகக் கண்டறியப்பட வேண்டியதாக இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன் 1968-லேயே அதனை வெளியிட்டிருந்தார். பாதை பிரியும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றொன்றைப் பின்னர் பார்ப்பதற்குப் பதிலாக, இரு பாதைகளிலும் ஒரே சமயத்தில் முன்னேறுதல் அவர் முறையின் சாரம்.

காணாமற்போன ஒருவரைத் தேடுவதற்கு உறவினர் ஒருவர் தனியே புறப்பட்டு, மத்திய ரயில் பாதையில் மாடுங்கா வரை சென்று திரும்பி, பின் துறைமுகப் பாதையில் செம்பூர் வரை சென்று திரும்புவது முதல் வழியைப் போன்றது. ஒவ்வொரு பாதையிலும் ஓர் ஆளை அனுப்பி, அனைவரையும் ஒரே மணியோசைக்கு ஒரு நிலையம் முன்னேறச் செய்வது தாம்சனின் வழி. இரு ஆட்கள் ஒரே நிலையத்தில் சந்தித்தால் ஒருவர் போதும், மற்றவரை விடுவித்துவிடலாம். ஆகவே எந்நேரத்திலும் ஆட்களின் எண்ணிக்கை நிலையங்களின் எண்ணிக்கையை மிஞ்சாது. முன்கூறிய மாலையை இம்முறையில் சோதிக்கும்போது, 30 மொட்டுகளுக்கு 30 அடிகள், ரோஜாவுக்கு ஓர் அடி, அவ்வளவே. செய்தி இருமடங்கு நீண்டால் வேலையும் இருமடங்காகுமேயன்றிக் கோடிக்கணக்கில் பெருகாது.

கூகிள் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஆர்.இ.2 என்னும் நூலகம் இக்கொள்கையின்படி அமைந்தது. இண்டெல் நிறுவனம் 2015-இல் பொதுவில் வழங்கிய ஹைப்பர்ஸ்கேன் ஆயிரக்கணக்கான வடிவங்களை ஒரே ஓட்டத்தில் தேட வல்லது. எனினும் இவ்வகைப் பொறிகளுக்கும் எல்லை உண்டு. ‘முன்பு கண்ட அதே சொல் இங்கு மீண்டும் வரவேண்டும்’ என்பது போன்ற நிபந்தனைகளை இவை ஏற்பதில்லை. அத்தகைய விதிகளைக் காவல் நிரலர் மாற்றி எழுதவேண்டும், அல்லது பழைய பொறியிடமே ஒப்படைக்கவேண்டும்.

வேகத்தைக் கூட்டும் சிறு உபாயங்களும் உள. வடிவக் குறிப்பைப் பொறி அறியும் உருவுக்கு மாற்றும் வேலையை ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் செய்யாமல், நிரல் தொடங்கும்போது ஒரு முறை செய்து வைத்தல் முதலாவது. விதியொன்று பொருந்தக் கட்டாயம் இருக்கவேண்டிய சொல் செய்தியில் உண்டா என்று முதலில் பார்த்து, இல்லையெனில் அவ்விதியைத் தொடாமல் விடுதல் இரண்டாவது. பல சொற்களை ஒரே ஓட்டத்தில் தேடும் முறையை ஆல்ஃபிரட் ஏகோவும் மார்கரெட் கொராசிக்கும் 1975-இல் வகுத்தனர்; இன்றும் அது பயன்படுகின்றது.

பின்வாங்கும் பொறியையே வைத்துக்கொள்ள நேரின், முயற்சிகளுக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கலாம். பி.சி.ஆர்.இ. நூலகத்தில் இவ்வரம்பு இயல்பாக ஒரு கோடி. காவல் வேலைக்கு இது மிகப் பெரிது, குறைத்தே வைக்கவேண்டும். ஆனால் வரம்பைத் தொட்டதும் என்ன செய்வது என்பது தொழில்நுட்பத்தைக் கடந்த கேள்வி. ‘பொருந்தவில்லை’ எனக் கொண்டால், தீயவன் வேண்டுமென்றே வரம்பைத் தொடச்செய்து உள்ளே நுழைவான். ‘பொருந்தியது’ எனக் கொண்டால், நேர்மையான வணிகரின் நீண்ட செய்தி தடுக்கப்படும். ‘விடை கிடைக்கவில்லை’ என்பதை மூன்றாவது விடையாகப் பதிவு செய்து, அதனை மேற்பார்வையாளர் கண்ணுக்குக் கொணர்வதே நல்ல நூலகத்தின் இலக்கணம்.

ஒரே மாதிரி, பல சிலேட்டுகள்

வேகத்தைப் பற்றிய பேச்சு இங்கு முடிவதில்லை. ஒரு காவலன் போதாதெனின் பலரை நிறுத்தலாம். செம்பூருக்கு அருகே டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம், 1991-இல் நான்கு கணுக்களை இணைத்து ‘அனுபம்’ என்னும் கணிப்பொறியை அமைத்தது; ஒரு கணக்கைப் பலர் பகிர்ந்து செய்வதே அதன் கொள்கை. இன்று ஒரே சில்லில் பல செயற்கருக்கள் உள்ளன. ஒரே நிரலுக்குள் பல வேலைத் தொடர்கள் ஒருங்கே ஓடுகின்றன. ஒவ்வொன்றும் த்ரெட், அதாவது இழை, எனப்படும். இழைகள் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடாதிருக்கும் தன்மையே இழைப் பாதுகாப்பு.

தாராவியின் தோற்பைப் பட்டறை இதற்கு நல்ல உவமை. பையின் உருவம் அட்டையில் வெட்டி வைக்கப்பட்டிருக்கும். அம்மாதிரியை ஒருவரும் திருத்துவதில்லை; ஆகவே எத்தனை தொழிலாளர் வேண்டுமாயினும் அதனைப் பார்த்துத் தோலை வெட்டலாம். ஆனால் ஒவ்வொருவரும் தமது அளவுகளைக் குறித்துக்கொள்ளும் சிலேட்டு தனித்தனியே இருத்தல் வேண்டும். எட்டுப் பேருக்கும் ஒரே சிலேட்டைக் கொடுத்தால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் அழித்து எழுதுவார்; முதலாமவர் பிறர் அளவில் தோலை வெட்டுவார்.

வடிவக் குறிப்பின் மாற்றப்பட்ட உருவம் அம்மாதிரியைப் போன்றது. தேடும்போது ‘எந்த நிலையில் இருக்கிறோம், எங்குப் பொருந்தியது’ என்னும் குறிப்புகளே சிலேட்டு. இவை பொதுவில் இருந்துவிட்டால் விளைவு விபரீதமாகும். ஒரே கணத்தில் ஒரு வாடிக்கையாளரின் வேண்டுகோளும் ஒரு தீயவனின் வேண்டுகோளும் சோதிக்கப்படுவதாகக் கொள்க. ‘பொருந்தியது’ என்று ஓர் இழை எழுதிய குறிப்பின் மேல் ‘பொருந்தவில்லை’ என்று மற்றோர் இழை எழுதிவிட்டால், தீயவன் நல்லவனின் சான்றோடு உள்ளே செல்வான்; வரிசை மாறி எழுதப்பட்டால் நல்லவன் தடுக்கப்படுவான்.

இப்பிழையைக் கண்டுபிடித்தல் அரிது. பரிசோதனையில் வேண்டுகோள்களை ஒவ்வொன்றாக அனுப்பும்போது அது தலைகாட்டுவதில்லை. பண்டிகைக் கால விற்பனை நாளில், ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே பணம் செலுத்தும்போதுதான் வெளிப்படும். மறுபடி சோதித்தால் மறைந்துவிடும். இதன்பொருட்டே, இரு இழைகள் ஒரே நினைவிடத்தில் ஒழுங்கின்றி எழுதுவதைக் கவனித்து எச்சரிக்கும் த்ரெட்சானிடைசர் போன்ற கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன.

சிலேட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டு, முறை வைத்துப் பயன்படுத்துவது ஒரு பரிகாரம். பிழை நீங்கும், ஆனால் எட்டுப் பேரில் ஒருவர் எழுத எழுவர் காத்திருப்பர். எட்டுச் செயற்கருக்களுக்குச் செலவழித்தும் ஒன்றின் வேகமே கிட்டும். ஆகையால் தேர்ந்த நூலகங்கள் மாதிரியைப் பொதுவாகவும் சிலேட்டைத் தனியாகவும் வைக்கின்றன. 2015-இல் வெளிவந்த பி.சி.ஆர்.இ.2, மாற்றப்பட்ட உருவை எல்லா இழைகளும் பகிரவும், பொருத்தக் குறிப்புகளை ஒவ்வோர் இழையும் தனியே கொள்ளவும் வகை செய்கின்றது. ஹைப்பர்ஸ்கேனிலும் ஒவ்வோர் இழைக்கும் தனிப் பணியிடம் தரவேண்டும். ஜாவா மொழியில் மாதிரி ஒரு வகை, தேடுவோன் மற்றொரு வகை எனப் பெயராலேயே இரண்டும் பிரிக்கப்பட்டுள்ளன.

ஆர்.இ.2 போன்றவற்றில் ஒரு நுட்பம் உண்டு. வேகத்திற்காக, தேடலின்போது கண்ட நிலைகளை அவை ஒரு பொதுப் பதிவேட்டில் சேர்த்துவைக்கின்றன. மாறும் பதிவேடு ஆதலின் அதற்குப் பூட்டு இன்றியமையாதது. சில வடிவங்களுக்கு நிலைகள் அளவின்றிப் பெருகக்கூடும் ஆதலின், அதற்கு நினைவக வரம்பும் தேவை. வரம்பு நிரம்பினால் பதிவேட்டைத் துடைத்து மீண்டும் தொடங்குவர். வேகம், நினைவகம், ஒழுங்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பதே இத்துறையின் கலை எனலாம்.

செய்ய வேண்டுவன

இந்தியாவில் கணிப்பொறிப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2004 முதல் இயங்கி வருகின்றது. பாதுகாப்பு நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும் என்று 2022 ஏப்ரலில் அது ஆணையிட்டது. ஆயினும் நிகழ்ச்சிக்குப் பின் அறிவிப்பதினும், நிகழாமற் காப்பது மேல்.

அதற்கு வேண்டுவன பெருஞ்செலவுடையன அல்ல. புதிய விதியொன்றைச் சேர்க்கும் முன், அதனோடு பொருந்துவதுபோல் தொடங்கி இறுதியில் பொருந்தாது போகும் நீண்ட செய்திகளால் அதனைச் சோதித்தல். நீளத்தை இருமடங்காக்கி, காலமும் இருமடங்கில் நிற்கின்றதா என்று அளத்தல். ஒரே சோதனையைப் பல இழைகளில் ஒருங்கே ஓட்டி, தனியே ஓட்டியபோது கிடைத்த விடைகளோடு ஒப்பிடுதல். விதியை எல்லாப் பொறிகளிலும் ஒரே நேரத்தில் இறக்காமல் முதலில் சிலவற்றில் இறக்கிப் பார்த்தல். மாடுங்காவிலுள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற கல்விக் கூடங்களில் பயிலும் மாணவர் எவரும் ஒரு சாதாரணக் கணிப்பொறியில் இச்சோதனைகளைச் செய்து பழகலாம். முப்பது மொட்டும் ஒரு ரோஜாவும் கொண்ட மாலையே முதற் பாடமாகப் போதும்.

தாராவியின் கடைக்காரருக்கு இவை எவையும் தெரியவேண்டுவதில்லை. கைப்பேசி ஒலித்துப் பணம் வந்த செய்தியைச் சொன்னால் அவர் பையை உறையிலிட்டுக் கொடுத்துவிடுவார். அவ்வொலி உரிய விநாடியில் எழும்படி காவல் விதியைச் செம்மையாக எழுதிவைப்பது நிரலரின் கடமை.